நிழல் தெற்கே விழும் மாதங்கள்

என் மதினி வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பெயின்ட் டின் நிறைய சிமென்ட் ஊற்றி நட்ட இரும்புக் குழாய் ஒன்று நிற்கிறது. குழாய் ஓர் ஆள் உயரம். டின் என்பது இப்போது பேருக்குத்தான். உப்புக்காற்றில் தகரம் இற்று உதிர்ந்துவிட்டது. உள்ளே இறுகிய சிமென்ட் மட்டும் டின்னின் வடிவத்தில் இருக்கிறது. புதிதாக மாடிக்கு வருகிறவர்கள் அதைத் துணி காயப்போடும் கொடிக்கம்பம் என்று நினைத்து, இன்னொரு கம்பம் எங்கே என்று கேட்பார்கள். அதில் ஒருநாளும் துணி காய்ந்ததில்லை. துறைமுகப் பணிமனையில் வேலை பார்த்த என் அண்ணன் அதைச் செய்து கொடுத்தார். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி, நான்கு பக்கமும் நூல் பிடித்துப் பார்த்து, சிமென்ட் இறுகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மதினியிடம், “இதுக்கு மேல நேரா நிக்கணும்னா பட்டாளத்துலதான் சேக்கணும்” என்றார்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மதினி என்போம். நாசரேத்துப் பக்கத்து ஆசிரியர் வீட்டில் பிறந்து, தூத்துக்குடிக்கு வாழ வந்து, மாப்பிள்ளையூரணியைத் தாண்டி உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்தினார். நான் அப்போது உள்ளூர் நிருபராகச் சேர்ந்து, அவர்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். என் தொழில் எனக்குச் சில பழக்கங்களைக் கொடுத்திருந்தது: யார் சொன்னது, எங்கே நின்று சொன்னது, கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று பிரித்துக் கேட்பது. அந்தப் பழக்கம் என்னைவிட மதினிக்கு அதிகம் என்று வந்த வாரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

“கொழுந்தனாரே, தெனமும் செய்திக்குத் தலையில தூத்துக்குடின்னு போடுதிய. அது எங்கன இருக்கு?” என்று கேட்டார்.

“திருநெல்வேலிக்குக் கிழக்க.”

“அது திருநெல்வேலிக்காரனுக்கு. ஜப்பான்காரன் கேட்டா? எட்டே முக்கால் டிகிரி வடக்கு, எழுபத்தெட்டு டிகிரி கிழக்கு. எந்த ஊருக்காரன் கேட்டாலும் இதைச் சொல்லுங்க. நேரா நம்ம வாசல்ல வந்து எறங்குவான்.”

“வந்து எறங்குனா நீதான் சோறு போடணும்” என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

எட்டே முக்கால் என்பது மதினிக்கு வெறும் எண் இல்லை. பூமியின் நடுவில் ஓடும் நிலநடுக்கோட்டுக்கு நாம் எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதற்கான அளவு அது. அந்த நெருக்கத்தால் இந்த ஊருக்கு நேரும் ஒன்றை, பிறந்ததிலிருந்து இந்தப் பக்கத்திலேயே இருக்கிற நான் கவனித்ததில்லை. வருடத்தில் ஏழு மாதம்போல நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே இருக்கிறது. நம் நிழல் வடக்கே விழுகிறது. மீதி ஐந்து மாதம்போல, சித்திரையிலிருந்து ஆவணி நடுவரை, சூரியன் நம் தலையைக் கடந்து வடக்கே போய்விடுகிறது. நிழல் தெற்கே விழுகிறது. டெல்லியில் இருப்பவருக்கு இது ஒருநாளும் நடக்காது. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான். நம் நாட்டில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும் என்று பொதுவாக எழுதப்படும் வாக்கியத்தை மதினி தன் வகுப்பில் சொல்ல விடமாட்டார். எந்த ஊரில், எந்த மாசத்தில் என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாத பெண்ணை வெளியே அனுப்பி, கொடிமரத்தின் நிழலைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்.

அந்தப் பள்ளியின் செயலர் ஒரு உப்பள முதலாளி. ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, காலில் ரப்பர் செருப்பு, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. வரைபடத்தைவிடத் தன் கண்ணை நம்புகிறவர். பாத்தியின் மட்டத்தை உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தே சொல்லிவிடுவார். பிறகு அளக்கிற கருவி அவர் சொன்னதையே சொல்லும். அந்தக் கண்ணால்தான் ஒரு தவறு வந்தது. அதைத் தவறு என்று சொல்ல மதினிக்கு மட்டும்தான் வாய் இருந்தது. அந்த வாயைத் திறப்பதில் அவருக்கு ஓர் ஆபத்தும் இருந்தது: அவருடைய வேலை நிரந்தரமாகாமல் வருடத்துக்கு வருடம் நீட்டிக்கப்பட்டு வந்தது, அந்தக் கோடையில்தான் நிரந்தரமாக்கும் முறை வந்திருந்தது. அதற்குச் செயலரின் கையெழுத்து வேண்டும்.

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே மரம் இல்லை. உப்பு ஏறிய மண்ணில் எதுவும் வளராது. மேலே வெயில், கீழே வெள்ளை. இரண்டும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும். விடியுமுன் வேலைக்கு இறங்கிய பெண்கள் சாப்பிட உட்காரும்போது நிழல் தேடிப் போகும் இடம், உப்பு ஏற்ற வந்து நிற்கும் லாரியின் அடி. லாரி கிளம்பினால் நிழலும் கிளம்பும். தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பாதிச் சோற்றோடு எழுந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு மேற்பார்வை பார்த்த, எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி, டிரைவரைப் பார்த்துச் சொல்லுவாள்: “ஏலே, கருவாட்டைக் கடிச்சிட்டு இருக்கேன். முழுங்கவாது விடு.” அவள் மகள் மதினியின் வகுப்பில் படித்தாள்.

அண்ணாச்சி அந்தப் பெண்களுக்கு ஒரு கொட்டகை கட்டத் தீர்மானித்தார். யாரும் கேட்டு அல்ல, அவராகவே. எங்கள் பக்கத்து உப்பளங்களில் புதிதாக எதைத் தொடங்கினாலும் தை மாதத்தில் தொடங்குவது வழக்கம். மழை முடிந்து தண்ணீர் வடிந்திருக்கும். பாத்திகளை மிதித்துத் திருத்தும் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும். ஆட்கள் கைவசம் இருப்பார்கள். பொங்கல் கழிந்து ஒரு நண்பகலில், பள்ளி ஆசிரியைகளையும் அழைத்து, அண்ணாச்சி கொட்டகைக்கு முளை அடித்தார். கூரையின் உயரத்துக்குப் பத்தடிக் கம்பு ஒன்றை நிறுத்தச் சொன்னார். அதன் நிழல் வடக்கே ஆறடிபோல விழுந்தது. நிழலின் எல்லையில் நின்று, “இங்கனதான் திண்டு வரணும். புள்ளைய உக்காந்து சாப்பிட. தெற்க செவுரு வச்சி வெயில அடச்சிரணும். வடக்கத் தொறந்து விட்டுரணும்” என்றார். கூட இருந்த இளம் பொறியாளரும் நிழலைப் பார்த்தார், தலையாட்டினார், அதன்படியே வரைபடம் போட்டார். அங்கே இருந்த எல்லோரும் நிழலைக் கண்ணால் பார்த்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் அசட்டையாக இல்லை. நிருபனாக நான் போயிருந்தால், ‘பயனாளிகளின் வசதி கருதி நிழல் பார்த்து’ என்று பாராட்டி நாலு வரி எழுதியிருப்பேன்.

அன்று மாலை மதினி பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சுத்தமாகும். அடுக்களையில் எல்லாம் மினுங்கிய பிறகு அண்ணன் கேட்டார், “என்னளா, யாரு மேல கோவம்?”

“கொட்டகை தப்பு.”

தப்பு என்ன என்று விளக்கினார். உப்பு விளைவது பங்குனியிலிருந்து புரட்டாசிவரை. அதில் பெரும்பகுதி சூரியன் வடக்கே இருக்கும் காலம். காலையிலும் மாலையிலும்கூட அந்த மாதங்களில் வெயில் வடக்கு ஓரமாகவே சாய்ந்து வரும். திறந்துவிட்ட வடக்குப் பக்கம் வழியாக உள்ளே நுழைந்து, சரியாக அந்தத் திண்டின் மேல் விழும். தெற்கே எழுப்பும் சுவர் எதையும் மறைக்காது. வருகிற காற்றை மட்டும் தடுக்கும். அண்ணாச்சி பார்த்த அந்த நல்ல நிழல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அமோகமாக இருக்கும். அப்போது மழை, உப்பளம் முழுக்கத் தண்ணீர், அங்கே ஈ காக்கை இருக்காது.

அண்ணன் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும். கையெழுத்து விழட்டும், அப்பறம் சொல்லு.”

“அதுக்குள்ள செவுரு எழும்பிருமே.”

மறுநாள் தலைமையாசிரியையிடம் சொன்னபோது அவரும் அதையேதான் சொன்னார், இன்னும் சுருக்கமாக: “ஏளா, நெழல் எங்கன விழுந்தா ஒனக்கென்ன. மொதல்ல கையெழுத்து விழட்டும்.” கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அந்த அம்மாளுக்கு மதினியைப் பிடிக்கும், இழக்க விருப்பமில்லை.

மதினி நேராக அண்ணாச்சியிடம் போனார். நானும் போனேன், உப்பள அலுவலகத்துக்குத் தனியாக விட வேண்டாம், துணைக்குப் போ என்று அண்ணன் அனுப்பினார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் தினக்காலண்டர். மதினி உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார். அண்ணாச்சி குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் குடையைத் தரையில் ஊன்றி, “டீச்சரம்மா, நான் அம்பது வருசமா இந்த வெயில்ல நிக்கேன். நெழல் எங்கன விழுதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்களும் அன்னைக்கு இருந்தியள்ல? வடக்க விழல?” என்றார்.

“விழுந்தது அண்ணாச்சி. நீங்க பாத்தது சரி. பாத்த மாசந்தான் தப்பு.”

அந்த அறையில் இருந்த கணக்கர் எழுதுவதை நிறுத்தினார். அண்ணாச்சியின் முகம் மாறவில்லை. என் கையில் பேனா இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டிருப்பேன். இல்லாததால் மனதில் எழுதிக்கொண்டேன். பிற்காலத்தில் அமைச்சர்களிடமும் ஆட்சியர்களிடமும் பலர் உண்மை சொல்ல முயன்றதை அருகிலிருந்து பார்த்தேன். எதிராளியின் கண்ணைக் குறைசொல்லாமல், தன் பேச்சையும் குறைக்காமல், ஒரே வரியில் அதைச் செய்தவர் வேறொருவரை நான் கண்டதில்லை.

“அம்பது வருசத்துல ஒரு தடவ கூடவா எனக்குத் தெரியாமப் போச்சு?” என்று கேட்டார் அண்ணாச்சி. கோபமாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள.

“வேல நடக்கற மாசத்துல நீங்க உப்பத்தான் பாப்பிய. நெழலப் பாக்க நேரம் ஏது? அதும்போக, கையில கொட இருக்கு.”

அவர் குடையைப் பார்த்தார். பிறகு, முதலாளிகளுக்கே உரிய ஒரு தீர்ப்பைச் சொன்னார். தூணும் கூரையும் எந்தப் பக்கத்துக்கும் பொது. அதை இப்போதே போட்டுவிடுவது. சுவரும் திண்டும் நிற்கட்டும். மதினி சொல்கிறபடி நிழல் இல்லாமல் போகிற நாள் எது?

“பங்குனி கடைசி. உச்சி வேளையில நட்டு வச்ச கம்புக்கு நெழல் இருக்காது. அதுக்கப்பறம் தெற்க விழும்.”

“விழலன்னா?”

“நான் புவியியல் நடத்த லாயக்கில்லன்னு அர்த்தம்.”

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று வரும் வழியில் சொன்னேன். “வேற என்ன சொல்லணும்ங்கிய? அதான அர்த்தம்?” என்றார். அந்த வாரம்தான் அண்ணன் பெயின்ட் டின்னும் குழாயும் வாங்கிவந்து, தூக்குக்குண்டு பிடித்தார்.

மாசி முழுக்க அந்தக் குழாய் எங்கள் மாடியில் நின்றது. நண்பகல் நிழல் வாரத்துக்கு வாரம் சுருங்கி வந்தது. ஆனால் வடக்கேதான் விழுந்தது. காலையில் காபி குடிக்கும்போது அண்ணன் என்னிடம், “ஏலே, சூரியன் ஒங்க மதினிக்கு என்ன மொற? மாமன் மொறையா இருந்தாதான் பேச்சுக் கேப்பான்” என்பார். சிரிப்பார். ஆனால் மத்தியானம் சாப்பிட வந்தால் மாடிக்குப் போய் நிழலைப் பார்க்காமல் ஒருநாளும் வேலைக்குத் திரும்பமாட்டார். செயலரை எதிர்த்துப் பேசிய டீச்சர் என்று பள்ளியில் பேச்சு பரவியிருந்தது. சிலர் மதினியோடு சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தார்கள். இதை அவர் சொல்லவில்லை. மற்றவர்களுக்கும் சேர்த்து டிபன் பாக்ஸில் வைத்த தொடுகறி மிஞ்சி வருவதைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொண்டோம்.

பங்குனி கடைசி நாளில் குழாயை அண்ணன் ஒரு ஆட்டோவில் ஏற்றி உப்பளத்துக்குக் கொண்டுவந்தார். புதுக் கூரைக்கு வெளியே, வெயிலில், நிறுத்தித் தூக்குக்குண்டு பிடித்தார். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி குடையோடு வந்தார். பொறியாளரும் வந்திருந்தார். பெரியக்கா முன்வரிசையில் நின்று, “டீச்சர் சொன்னா சூரியன் கேப்பானாக்கும்? எம் மவளே கேக்க மாட்டேங்கா” என்றாள். சிரிப்பு எழுந்தது. மதினியும் சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஊரில் பஞ்சாலைச் சங்கு ஊதும். உப்பளம்வரை கேட்கும். சங்கு ஊதியது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நிழல் இருந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, அசைக்க முடியாத கறுப்பாக இருந்தது.

பின்னாலிருந்து ஒருத்தி, “உச்சி ஆயிட்டு, நெழலும் இருக்கு” என்றாள். பொறியாளர் தன் செருப்பைப் பார்த்தார். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. அண்ணாச்சி, “சரி டீச்சரம்மா” என்று குடையைத் தூக்கினார். சண்டை முடிந்த மாதிரியான குரல்.

“கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி” என்றார் மதினி. “நெழல் எந்தப் பக்கம் இருக்கு?”

அண்ணாச்சி மறுபடி பார்த்தார். வடக்கே இல்லை. தெற்கேயும் இல்லை. மேற்கே இருந்தது.

“சூரியன் இன்னும் நமக்குக் கெழக்க நிக்கு. இந்த மணி நம்ம ஊரு மணி இல்ல. இந்தியா பூராவுக்கும் ஒரே மணின்னு வச்சிருக்காவ. அது காக்கிநாடா வழியா ஓடுத கோட்டுக்கு உள்ள மணி. அங்கன இப்ப உச்சி ஆயிட்டு. பூமி சுத்தி நாம சூரியனுக்கு நேரா வர இன்னும் காமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆவும்.”

“அப்ப இந்தச் சங்கு?” என்றாள் பெரியக்கா.

“அது காக்கிநாடாவுக்கு அடிச்சது.”

காத்திருந்தார்கள். அந்தக் கால்மணி நேரத்தைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வெயிலில் நின்று அலுத்த பெண்கள், நிழலுக்காகக் கட்டிய கூரை பத்தடி தூரத்தில் இருக்க, அதன் கீழே போகாமல் ஒரு குழாயின் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிழல் மேற்கிலிருந்து மெல்ல உள்ளே வந்தது. விரல் நீளமானது. நகத்தளவானது. பிறகு குழாயின் அடியைச் சுற்றி ஈரக்கோடு மாதிரி ஒரு விளிம்பு. அதுவும் போனது. குழாய் நின்றது, அதற்கு நிழல் இல்லை. பெரியக்கா தன் கையிலிருந்த தூக்குச்சட்டியைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். சட்டிக்கும் இல்லை. தன் காலைப் பார்த்தாள். எல்லோரும் தங்கள் காலைப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி குடையை மடக்கினார். நடு வெயிலில் அவர் குடையில்லாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். ஆனால் அவர் லேசில் ஒப்புக்கொள்கிறவர் அல்ல. “இல்லாமப் போச்சு, சரி. இதுலருந்து திரும்பி மறுபடியும் வடக்கயே வளரலாமில்லா? தெற்கதான் போவும்னு எப்படிச் சொல்லுதிய?”

நல்ல கேள்வி. செய்தியாளனாகிய எனக்குத் தோன்றாத கேள்வி. மதினியின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. வகுப்பில் சரியான கேள்வி கேட்கும் பெண்ணைப் பார்க்கும் சந்தோஷமாக இருக்க வேண்டும். யாரோ சாப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த நுங்குக்காய் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதன் நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தினார். குச்சியைச் சற்றே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஓலை வேய்ந்த உப்புக் குவியலான அம்பாரத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். அம்பாரம்தான் சூரியன். நுங்குக்காய் பூமி. குச்சியின் மேல்நுனி எப்போதும் தூரத்தில் தெரிந்த அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் பக்கமே சாய்ந்திருந்தது. அவர் எங்கே திரும்பினாலும் அது மட்டும் திரும்பவில்லை. அம்பாரத்துக்கு ஒரு பக்கம் நின்றபோது காயின் மேல்பாதி அம்பாரத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் போனபோது அதே மேல்பாதி விலகிச் சாய்ந்திருந்தது. பூமி தன் சாய்வை மாற்றிக்கொள்வதில்லை, இடத்தைத்தான் மாற்றிக்கொள்கிறது; அதனால்தான் ஒரு பாதி வருடம் வடக்கு வெயிலை வாங்குகிறது, மறுபாதி தெற்கு வாங்குகிறது என்றார். இந்தச் சாய்வு இருபத்து மூன்றரை டிகிரி. அதனால் சூரியன் வடக்கே இருபத்து மூன்றரை வரை போய்விட்டுத்தான் திரும்பும். நாம் எட்டே முக்கால்.

“அது திரும்புத கோடு குஜராத்து பக்கம் ஓடுது அண்ணாச்சி. நம்ம ஊரு அதுக்கு வழியில இருக்கு. போம்போது ஒரு தடவ, வரும்போது ஒரு தடவ நம்ம தலைக்கு மேல போவும். திரும்புத எடம் இது இல்ல.”

அண்ணாச்சி நுங்குக்காயைக் கையில் வாங்கிக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சித்திரை கடைசிவரைக்கும் பாப்போம்” என்றார்.

சித்திரை கடைசியில் அவருடைய காரில் நானும் மதினியும் போனோம். இந்த முறை சங்கு ஊதியபோது யாரும் குனியவில்லை. “காக்கிநாடா” என்றாள் பெரியக்கா, வேலையிலிருந்து நிமிராமலே. அதன்பிறகு கால்மணி கழித்து அண்ணாச்சி குழாய்க்கு முன் நின்றார். ஆறடிக் குழாய்க்கு ஓரடி நிழல். தெற்கே. அவர் அதைப் பார்த்தார். திரும்பி, தையில் தானே அடித்த முளை வடக்கே நிற்பதைப் பார்த்தார். அதன்மேல் முழு வெயில். போய் அந்த முளையைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார். கொத்தனாரைக் கூப்பிட்டு, வடக்கே கூரையை நீட்டித் தாழ்வாக இறக்கவும், திண்டைத் தெற்கு ஓரத்தில் கட்டவும் சொன்னார். மேற்கே இடுப்பளவு சுவர், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உப்புத்தூளை வாரி அடிக்காமல் இருக்க. தை, மாசியில் மட்டும் தெற்கே ஓலைத்தட்டி தொங்கவிட்டால் போதும் என்று மதினி சொன்னார். பொறியாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். “மேடம், நாங்க படிச்சதெல்லாம் வடக்க உள்ளவங்களுக்கு எழுதுனது” என்றார். “அவங்களுக்கு அது சரிதான் தம்பி” என்றார் மதினி.

வைகாசியில் குழாய் எங்கள் மாடிக்குத் திரும்பியது, கையெழுத்தும் விழுந்தது. கையெழுத்திட்ட தாளைக் கொடுக்கும்போது அண்ணாச்சி மதினியிடம் சொன்னாராம்: “நெழல் வடக்க விழுந்திருந்தாலும் கையெழுத்து போட்டிருப்பேன். ஆனா அத முன்னாலயே சொன்னா நீங்க அவ்வளவு நேரம் வெயில்ல நிக்க மாட்டிய.” மதினி இதைச் சொல்லிவிட்டு, “நின்னிருப்பேன்” என்றார். நின்றிருப்பார்.

இதைச் செய்தியாக எழுத நான் அன்றே ஆசைப்பட்டேன். தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன். “இதுல செய்தி என்ன இருக்கு கொழுந்தனாரே? சூரியன் வழக்கம்போல வந்துட்டுப் போச்சு” என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் நான் எழுதியவை எல்லாம் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. எழுதாமல் விட்ட இது மட்டும் இருக்கிறது.

மதினி ஓய்வுபெற்று வருடங்களாகின்றன. முழங்கால் வலி உண்டு. இந்த வருடம் பங்குனி கடைசியில் அவரையும் அண்ணனையும் காரில் உப்பளத்துக்கு அழைத்துப் போனேன். அண்ணாச்சி இல்லை, அவர் மகன் நடத்துகிறார். பஞ்சாலைச் சங்கு ஊதுவது எப்போதோ நின்றுவிட்டது. கொட்டகையின் கூரைத் தகடுகள் புதிது. திண்டு அதே திண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. தெற்கு ஓரத்தில் வரிசையாகப் பெண்கள் சாப்பாட்டுச் சட்டிகளோடு வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். எங்களைத் தெரிந்தவர்கள் அதில் யாரும் இல்லை. நாங்கள் யார் என்று கேட்காமல் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஒரு இளம்பெண் தண்ணீர் பாட்டிலை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு வந்தாள்.

எதற்கு என்று கேட்டேன்.

“நெழல் மறையிதத பாக்கதுக்கு. இன்னைக்கு மறையும்” என்றாள்.

அண்ணன் கைப்பேசியைப் பார்த்து, “பன்னெண்டு ஆயிட்டே. இன்னும் மறையலயே” என்று அவளைச் சீண்டினார்.

“அது காக்கிநாடா மணி தாத்தா. நமக்கு இன்னும் இருக்கு.”

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன். தெரியாது, இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம் என்றாள். மதினி மேற்குச் சுவரின்மேல் கையை வைத்து அதன் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் அவர்கள்மேல் விழவில்லை. சொல்வதற்கு அதற்கு மேல் ஒன்றும் இருந்ததாக அவர் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடியைப் பார்க்க வேண்டும் என்றார். படிகளில் ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பற்றி ஏறினார். தண்ணீர்த் தொட்டியில் கசிவு இருப்பதால் அடுத்த வாரம் மாடியில் தளம் போடப் போகிறார்கள். கொத்தனார் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறார். உடைந்த நாற்காலி, பழைய வாளி எல்லாம் கீழே போய்விட்டன. குழாயை மட்டும் எடுக்கவில்லை. அதைத் தூக்கி வைத்துவிட்டு, தளம் போட்டபின் அதே இடத்தில் திருப்பி வைக்க வேண்டும் என்று அண்ணன் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒரு பழைய தூக்குக்குண்டை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது.

நூலைப் பிடித்தேன். குண்டு ஆடி நின்றது. நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். டின் போய்விட்டது, சாயம் போய்விட்டது, குழாயின் தலையில் துரு ஓட்டை விழுந்திருக்கிறது.

“நேரா நிக்கா?” என்று கேட்டார் அண்ணன்.

மதினி படியின் கடைசியில் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“நிக்கு” என்றேன்.